முனிரத்தினத்தின் முழங்கால் ஃபைல்

1. ஃபைல் வரவில்லை

முனிரத்தினம் எங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்த அன்று அவருடைய ஃபைல் எங்களிடம் இல்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்.

சித்தூரில், ராணுவத்திலிருந்து திரும்பியவர்களின் மனுக்களைப் பார்க்கிற ஆபீசில் நான் அப்போது இரண்டாவது கிளார்க். மொத்தமே நாலு பேர். ரிட்டயர்டு கேப்டன் ஒருவர் செக்ரட்டரி. ஒரு ஹெட் கிளார்க், நான், ஒரு பியூன். எங்கள் கையில் அதிகாரம் என்று எதுவும் கிடையாது. மனுவை வாங்குவோம், ஃபாரம் நிரப்புவோம், மேலே அனுப்புவோம், மேலேயிருந்து வருவதைப் படித்துக் காட்டுவோம். இந்த நாலு வேலையில் எத்தனை விதமாகத் தப்பு செய்ய முடியும் என்பதை முனிரத்தினத்தின் விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் கழித்து எல்லையைத் திரும்பவும் வரைந்தார்கள். திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போனது. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கம் செங்கல்பட்டு ஜில்லாவை விட்டு எங்கள் ஜில்லாவுக்கு வந்தது. மேப்பில் அது ஒரு கோடு. ஆபீஸ்களில் அது கட்டுக் கட்டாகக் காகிதம். வர வேண்டிய கட்டு வராது, நமக்குச் சம்பந்தமில்லாத கட்டு வந்து பீரோவை அடைத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முனிரத்தினமும் அவர் மனைவி ராஜம்மாவும் வந்தார்கள். அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். கையில் தடி. பெஞ்சில் உட்கார்ந்தபோது இடது கால் மடங்காமல் நடைபாதையில் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். பேச்செல்லாம் ராஜம்மாதான்.

வடக்கே ஒரு டிரெய்னிங் சென்டரில் ரெக்ரூட்டாக இருந்தபோது சுவர் ஏறும் பயிற்சியில் விழுந்து முழங்கால் உடைந்தது. ஆஸ்பத்திரியில் பல மாதம். பிறகு மெடிக்கல் போர்டு உட்கார்ந்து, ‘இனி உதவாது’ என்று டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டதற்கு இல்லை என்று பதில். ஏன் இல்லை என்று செங்கல்பட்டில் கேட்கப் போனால் அங்கே இன்னொரு பதில்.

“உங்க ஊரு ஆந்திராவுக்குப் பூடுச்சி, சித்தூருக்குப் போங்கன்றாங்க. இங்க வந்தா ஃபைல் வரலன்றீங்க,” என்றாள் ராஜம்மா. “நாங்க எங்கயும் போவல சார். ஊரு அங்கயேதான் கீது. கோட்ட மாத்திக்கினது நீங்க.”

உள்ளேயிருந்து கேப்டன் குரல் கொடுத்தார். “ஏமய்யா, ஆ நாகலாபுரம் ஃபைல் எக்கட?”

“ராலேது சார்,” என்றேன். தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் வரவில்லை என்பது வரவில்லைதான்.

அந்த ஃபைல் வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் நாங்கள் செங்கல்பட்டுக்கு எழுதினோம். அவர்கள் ‘அனுப்பியாயிற்று’ என்று பதில் எழுதினார்கள். எந்தத் தேதியில், எந்த நம்பரில் என்று கேட்டோம். அதற்கு, மனுதாரர் தற்போது எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தவர் என்று தாசில்தார் சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்றார்கள். தாசில்தார் ஆபீசில், கிராமத்து ரிஜிஸ்டர் இன்னும் பழைய தாலுகாவிலிருந்து வரவில்லை, வந்த பிறகுதான் தர முடியும் என்றார்கள். கடைசியில் அந்த ஃபைல், எங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நாங்களே பீரோவில் ஒதுக்கி வைத்திருந்த கட்டுக்குள் இருந்தது. அவருடைய ஊர்ப் பெயரை இங்கிலீஷில் வேறு எழுத்தில் எழுதியிருந்தார்கள். எங்களில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இதை நான் ராஜம்மாவிடம் சொல்லவில்லை. ‘வந்துவிட்டது’ என்று மட்டும் கார்டு போட்டேன்.

2. நான் எழுதிய அழகான மனு

ஃபைலில் இருந்த பதில் ஒரே வரி. இந்த ஊனம் ராணுவ சேவையால் ஏற்பட்டதல்ல, ஆகவே பென்ஷனுக்கு இடமில்லை. அப்பீல் செய்யலாம், அதற்குக் கெடு உண்டு. கெடுவில் பாதி நாள் ஃபைல் தேடியதிலேயே போயிருந்தது.

அப்பீல் எழுதுவதில் எனக்கு அப்போது நல்ல பெயர். இங்கிலீஷ் நன்றாக வரும் என்று எனக்கே ஒரு நினைப்பு. மனுதாரர் ஏழை, நிலம் சொற்பம், ஏர் பிடிக்க முடியாதவர், மனைவி கூலி நடவுக்குப் போய்க் காப்பாற்றுகிறாள், கருணை கூர்ந்து பரிசீலிக்கவும் என்று ஒன்றரைப் பக்கம். இப்படி எழுதிய மனுக்கள் என் மேஜை டிராயரில் மாதிரிக்கு நாலைந்து இருந்தன. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். எப்படி அடிபட்டது என்ற இடத்தில், ‘பயிற்சியின்போது விழுந்தார்’ என்று எழுதினேன்.

முனிரத்தினம் எதிரே உட்கார்ந்திருந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு, காலை நீட்டியபடி உட்கார்ந்தார்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. புதிய ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை, முந்தைய முடிவை மாற்றக் காரணமில்லை. கேப்டன் என்னைக் கூப்பிட்டு மனுவின் நகலை என் முன்னால் போட்டார். அவர் தாய்மொழி தெலுங்கு. கோபம் வந்தால் தமிழில் பேசுவார்.

“இது என்ன, கோயில் வாசல்ல தட்டு நீட்டறதா? அவன் பட்டாளத்துல அடிபட்டானா இல்லையா? அதுக்கு ஒரு வார்த்தை இதுல இருக்கா?”

நகலை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன்.

அவர் திட்டியதுகூடப் பெரிதில்லை. அடுத்த வாரம் ராஜம்மா வந்து, “அன்னைக்கு இங்கிலீஷ்ல அவ்ளோ எழுதினீங்களே சார், அதுல இன்னாதான் எழுதினீங்க?” என்று கேட்டாள். தமிழில் படித்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“கஞ்சிக்கு இல்லன்னு எழுதிக்கிறீங்க. அத்த நாங்க கேட்டமா? அவங்க வேலைல உழுந்தாரு, அவங்க பாக்கணும். அதான் நாங்க கேக்க வந்தது.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதோடு எரிச்சலும் வந்தது. ‘இவ்வளவு தெரிந்தவள் அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா’ என்று மனசுக்குள் அவளைத்தான் குறை சொன்னேன். அந்த வயதில் அப்படித்தான் தோன்றியது.

3. என்ன கேட்டாலும் ‘ஜீ ஸாப்’

இன்னொரு அப்பீலுக்கு வழி இருந்தது. ஆனால் புதிய ஆதாரம் இல்லாமல் போனால் அதோடு கதவு மூடிவிடும். ‘சேவையால் அல்ல’ என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். மெடிக்கல் போர்டின் நகல் கேட்டு எழுதினோம். ரகசியம் என்று பதில். கேப்டன் தன்னோடு பழைய நாளில் வேலை பார்த்த ஓர் அதிகாரிக்குச் சொந்தமாகக் கடிதம் எழுதினார். அப்போதுதான் தேவையான பக்கம் மட்டும் டைப் அடித்து வந்தது.

அதில் ஒரு கேள்வி: இந்த உபாதை சேவையில் சேர்வதற்கு முன்பே இருந்ததா? பதில்: ஆம், மனுதாரரே ஒப்புக்கொண்டார்.

முனிரத்தினத்தை வரச் சொல்லி, இதைப் படித்துக் காட்டினேன்.

“நானா? நா எப்ப சார் அப்படி சொன்னேன்?” என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“டாக்டர் உங்ககிட்ட என்ன கேட்டார்?”

“இன்னா கேட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவுரு இந்தில கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஜீ ஸாப்னு சொன்னேன்.”

“எல்லாக் கேள்விக்குமா?”

“எல்லாத்துக்கும்தான். டிரில் சொல்லித்தர உஸ்தாத்து மொத நாளே சொல்ட்டாரு சார், பெரியவங்க இன்னா கேட்டாலும் ‘ஜீ ஸாப்’தான்னு. ‘இல்ல’ன்னு வாயத் தொறந்தா மூட்டய முதுகுல கட்டிக்கினு கிரவுண்ட சுத்தணும். நா ரெண்டு வாட்டி சுத்திக்கிறேன்.”

ஹெட் கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் மேஜையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் உடைந்து கட்டிலில் கிடந்தவனிடம், அவனுக்குத் தெரியாத பாஷையில், முன்பே வலி இருந்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இவர், தனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, மரியாதையாக ‘ஆமாம் ஐயா’ என்று பதில் சொல்லியிருக்கிறார். பென்ஷன் ஆபீஸ் அந்த மரியாதையை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பட்டாளத்தில் சேர்க்கும்போது இதே ராணுவத்து டாக்டர் ஓடவிட்டு, உட்காரவிட்டு, குதிக்கவிட்டுப் பார்த்து முதல் தரம் என்று எழுதிய காகிதம் அதே ஃபைலில் நாலு பக்கம் தள்ளி இருந்தது. அந்தப் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. நானும்தான்.

அன்றைக்குத்தான் ஃபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். மழை பெய்த காலை. சுவர் ஈரம். ஒரு தடவை எல்லோரும் ஏறி இறங்கினார்கள். நேரம் போதவில்லை என்று இன்னொரு தடவை ஏறச் சொன்னார்கள். மேலே ஏறினார், விழுந்தார். இவ்வளவுதான் சொன்னார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“பக்கத்துல யார் இருந்தாங்க?”

கொஞ்ச நேரம் தடியைப் பார்த்தார். “தேவராஜ்னு ஒருத்தன். வெதுருகுப்பம் பக்கம். ஒரே ரயில்ல போனோம். இப்ப திருப்பதில ஒரு சத்திரத்துல கீறான்னு கேள்வி.”

“இதை ஏன் முன்னாலயே சொல்லல?”

“யாரும் கேக்கல,” என்றார். பிறகு, “அவன எதுக்கு சார் இதுல இழுக்கணும்?” என்றார். அப்போது அதை நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

4. சத்திரத்து அவல்தார்

சாட்சியைத் தேடிப் போவது ஆபீஸ் வேலையில் சேராது, பஸ் சார்ஜ் தர முடியாது என்று ஹெட் கிளார்க் சொல்லிவிட்டார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முனிரத்தினமும் ராஜம்மாவும் நேரே திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். காலை மடக்க முடியாததால் வழி முழுக்கப் பின்சீட்டில் குறுக்கே உட்கார்ந்து வந்ததாகவும், கண்டக்டர் அவருக்கு மட்டும் இரண்டு டிக்கெட் கேட்டதாகவும் ராஜம்மா சொன்னாள். அவள் அவருக்கு ஒரு டிக்கெட்தான் வாங்கியிருந்தாள்.

தேவராஜைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தனியார் சத்திரம் ஒன்றின் வாசலில் காக்கிச் சட்டை, தேய்த்த பூட்ஸ், முறுக்கிய மீசையோடு காவலுக்கு நின்றிருந்தார். வருகிற யாத்திரிகர்களை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ “அவல்தார்காரு” என்று கூப்பிட்டதற்கு விறைப்பாகத் திரும்பினார். திரும்பியவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். முகத்தைவிடக் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“மடங்கறதே இல்லியா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றார் முனிரத்தினம். “நீ நல்லா கீறியா?”

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சுவரில் நடந்ததை அஃபிடவிட்டாக எழுதி, மாஜிஸ்டிரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதில் அவருடைய ராணுவ நம்பர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, வந்த காரணம் எல்லாம் வேண்டும். கடைசி விஷயத்தைச் சொன்னதும் தேவராஜ் எங்களை வாசலிலிருந்து தள்ளி மரத்தடிக்கு அழைத்துப்போனார்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்,” என்றார்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. முனிரத்தினத்தோடு ஒரே ரயிலில் போனவர், அதற்குள் திரும்பியும் வந்துவிட்டவர், பல வருஷ சர்வீஸ் வேண்டிய ஹவில்தார் பதவிக்கு வந்திருக்கவே முடியாது. அதை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. முனிரத்தினம் ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு மாதத்தில் இவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல சிப்பாயாக வர மாட்டார் என்று எழுதி. மாமனார் வீட்டிலும் சத்திரத்திலும் யாருக்கும் அது தெரியாது. அவர்களாக ‘அவல்தார்’ என்று கூப்பிட்டார்கள், இவர் மறுக்கவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஃபைல் தொலைத்தவர்கள், பாஷை தெரியாமல் கேள்வி கேட்டவர்கள், பக்கம் புரட்டாதவர்கள், இப்போது இவர். “உங்க பொய்க்காக இவர் கால் போனது போனதாவே இருக்கணுமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் காவலுக்குத் திரும்பிப் போகப் பார்த்தார்.

ராஜம்மாதான் நிறுத்தினாள். கோபமாகப் பேசவில்லை.

“ண்ணா, அவுரு உழும்போது நீங்க எங்க இருந்தீங்க? அத மட்டும் சொல்லுங்க. எங்கிட்ட இவுரு இது வரிக்கும் சொன்னதில்ல.”

“உடு ராஜம்மா,” என்றார் முனிரத்தினம்.

தேவராஜ் முனிரத்தினத்தைப் பார்க்காமல் ராஜம்மாவைப் பார்த்தே சொன்னார்.

“என்னால ரெண்டாவது வாட்டி ஏற முடியலம்மா. கீழயே நின்னுக்கினு இருந்தேன். உஸ்தாத்து கத்திக்கினு வரான். இவன் மேல ஏறிட்டான், அந்தப் பக்கம் இறங்கிப் போயிருக்கலாம். போவாம கைய நீட்டினான். புட்ச்சிக்கினு பாதி வந்தேன். பூட்ஸு வழுக்கிச்சி. நா கைய உடல. அவனயும் சேத்து இழுத்துக்கினு வந்துட்டேன். அவன் கால் மேலதான் நா உழுந்தேன்.”

யாத்திரிகர் ஒருவர் வந்து ரூம் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். தேவராஜ் உள்ளே கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

“அன்னைக்கே விசாரிச்சப்ப இவன் எம்பேர சொல்லல சார்,” என்றார் என்னிடம். “தானா உழுந்தேன்னு சொல்ட்டான். சொல்லியிருந்தா எனக்குப் பனிஷ்மெண்ட். அதுக்கப்புறம் இவன் மொகத்துல முழிக்க முடியல.”

“சத்திரத்துக்கு இந்தக் காகிதம் வருமா?” என்றும் கேட்டார்.

“நாங்க அனுப்ப மாட்டோம். ஆனா கோர்ட்டுல நாலு பேர் இருப்பாங்க. வெளியே தெரியாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது,” என்றேன்.

யோசித்துவிட்டு, எழுதுங்கள் என்றார். மரத்தடியிலேயே அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் ‘கை நழுவியது’ என்று எழுதியிருந்தேன். “நழுவல சார், நா உடல,” என்று திருத்தினார்.

மறு வாரம் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில், அங்கிருந்த குமாஸ்தா வழக்கப்படி முழுவதையும் தெலுங்கில் பெயர்த்து உரக்கப் படித்தார். சத்தம் குறையட்டும் என்று நினைத்து, மெதுவாகப் படியுங்கள் என நான் கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் அதை நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் காரணத்தை இன்னும் தெளிவாகப் படித்தார். வேறொரு கேசுக்குச் சாட்சியாக வந்த சத்திரத்துச் சமையல்காரர் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தார். தேவராஜ் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

வேலை போகவில்லை. வாசலில் ஆள் ஒழுங்காக நின்றால் சரி என்று சத்திரத்துக்காரர் இருந்துவிட்டார். ‘அவல்தார்’ என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. ஆனால் கூப்பிடும்போது சிரித்தார்கள். பின்னொரு முறை நான் அந்தப் பக்கம் போனபோது அவர் காக்கியை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்.

5. ஒரு வரி ஆர்டர்

இரண்டாவது அப்பீலில் கருணை என்ற சொல்லே இல்லை. சேர்ந்த நாளில் டாக்டர் எழுதியது, சுவர், மழை, தேவராஜின் அஃபிடவிட், மொழி தெரியாமல் சொன்ன ‘ஜீ ஸாப்’. இவ்வளவுதான். கேப்டன் படித்துப் பார்த்து, ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

பதிலுக்கு ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். இடையில் இரண்டு தடவை நினைவூட்டினோம். பிறகு பார்த்தால் ஆர்டர் போட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ‘செங்கல்பட்டு ஜில்லா, மெட்ராஸ் ராஜ்யம்’ என்று பழைய விலாசத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அது அங்கே ஒரு ஆபீசில், இது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கி வைத்த கட்டுக்குள் கிடந்தது. எங்கள் பீரோவை நினைத்து, அவர்களைத் திட்டி எழுதவிருந்த கடிதத்தை நான் எழுதவில்லை.

முனிரத்தினமும் ராஜம்மாவும் வந்தார்கள். ஆர்டரைப் படித்தேன். மறுபரிசீலனையில், மனுதாரரின் ஊனம் ராணுவ சேவையால் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. பென்ஷன் உண்டு. சில வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் போர்டு முன்னால் காலைக் காட்ட வேண்டும், ஒருவேளை மடங்க ஆரம்பித்திருந்தால் தெரிந்துகொள்ள. முன்பு ஏன் மறுத்தார்கள், இப்போது எதனால் மாறினார்கள் என்று ஒரு சொல் இல்லை. தப்பு நடந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அதைப் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது.

ராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முனிரத்தினம் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல தேவராஜ் பேரு எங்கனா வந்துகீதா சார்?”

“இல்லை,” என்றேன்.

“அப்ப சரி,” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதே மாதிரி ஆபீஸ்களுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. ஃபாரத்தில் காரணத்துக்கு அரை வரிதான் இடம் விட்டிருப்பார்கள். அது அச்சடித்தவர்களின் சௌகரியம். அதற்குப் பிறகு என் சர்வீஸ் முடியும்வரை, வருகிறவர் சொல்வதை முதலில் அவர் பாஷையில் தனிக் காகிதத்தில் எழுதி, படித்துக் காட்டி, சரியா என்று கேட்ட பிறகுதான் ஃபாரத்தைத் தொட்டேன். அப்படி ஒரு காகிதத்துக்கு ரூலில் இடமில்லை என்று ஹெட் கிளார்க் சண்டை பிடித்தார். சில பேர் அரை நாள் எடுத்துக்கொண்டார்கள். சில பேர் பொய்யும் சொன்னார்கள். பரவாயில்லை. முழுக்கக் கேட்டால்தான் பொய்யும் பிடிபடுகிறது. பேசுகிறவர்களை விடுங்கள், அவர்கள் எப்படியும் சொல்லிவிடுவார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரிடம் இரண்டாம் தடவை கேளுங்கள். முனிரத்தினத்துக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அவர் இன்னொருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.